அடி தெரியாத தொட்டி

வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக வீட்டுக்குப் பின்பக்கம் போனாள். போகாமலே இருந்திருக்கலாம். நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது தொட்டித் தண்ணீர். நீலத் தார்ப்பாய்ச் சுவர், வெள்ளைக் குழாய்களால் ஆன சட்டம், பக்கத்தில் தச்சர் செய்து கொடுத்த மரப்படி எல்லாம் பார்க்க அம்சமாகத்தான் இருந்தன. உள்ளே மட்டும் அரிசி களைந்த நீர் போல ஒரே கலங்கல். சட்டைக் கையை மடித்துக்கொண்டு முழங்கை வரை உள்ளே விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டு மங்கலாகத் தெரிந்தது. விரல்கள் இருந்த இடம் தெரியவில்லை.

"நாசமாப் போக," என்றாள்.

யாரைத் திட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தண்ணீரையா, தொட்டியையா, அதை இலவசமாகத் தூக்கிக் கொடுத்த பக்கத்து வீட்டுத் தச்சரையா? பார்சல் பிரிக்கும் கிடங்கில் இரவு முழுக்க நின்று விட்டு வருகிறவளுக்கு, காலை வேளையில் உலகத்தில் யார்மீதும் நல்ல அபிப்பிராயம் இருப்பதில்லை. குற்றம் சொல்ல முடியாது.

கையைத் துடைத்துக்கொண்டு மோட்டாரின் ப்ளக்கைச் சுவரில் மாட்டினாள். தொட்டித் தண்ணீரை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகத் தள்ளி, திரும்பத் தொட்டிக்கே அனுப்புகிற சின்ன மோட்டார் அது. ஆள்தான் சின்னது, சத்தம் அப்படி இல்லை. அது அவள் படுக்கிற பின்னறை ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தது. மாட்டியதும் உறுமத் தொடங்கியது. பிறகு இன்னொரு மூடி நிறையத் தெளிய வைக்கும் மருந்தை எடுத்து ஊற்றினாள். புட்டியில் எழுதியிருந்த அளவெல்லாம் அவள் எப்போதோ தாண்டியாகிவிட்டது.

இந்தத் தொட்டி விளையாட்டுக்கு வந்ததல்ல. அவள் கணவருக்கு வாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. கை ஓரளவு தேறியது, பேச்சும் தேறியது. கால்தான் படுத்தியது. பயிற்சி கொடுக்க வந்த பெண் காலைத் தூக்கச் சொன்னாள், மடக்கச் சொன்னாள், அவரும் செய்தார். அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, இவள் பின்னாலேயே நடக்க, கழிவறை வரை போய்வருவார். அதற்கு மேல் ஒரு அடி முன்னேற்றம் கிடையாது.

"தண்ணியில நடக்க வெச்சா வித்தியாசம் தெரியும் அக்கா," என்றாள் பயிற்சிக்காரி. "உடம்போட பாரம் தெரியாது. பயமும் போயிடும். வீட்டுல முடியாதுன்னா ஒரு வழிதான் இருக்கு. வெளியூர்ல தங்கிப் பயிற்சி எடுக்கற இல்லம் ஒண்ணு இருக்கு. அங்க அனுப்பிடலாம்."

"எத்தனை நாளைக்கு?"

பயிற்சிக்காரி அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. "அங்க நல்லாப் பாத்துப்பாங்க," என்று மட்டும் சொன்னாள். எத்தனை நாள் என்று யாரும் சொல்லாத இடத்துக்கு ஒருவரை அனுப்புவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒருவர் அப்படிப் போய், அங்கேயே பழகி, அங்கேயே இருந்துவிட்டார்.

இதைத் தச்சர் எப்படியோ கேள்விப்பட்டார். பிள்ளைகள் வளர்ந்து போனபின் கொட்டகையில் மடித்துப் போட்டிருந்த தொட்டியை அவராகவே தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார். இடுப்பளவு ஆழம். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து அகலமான படிகளும் செய்தார். பயிற்சிக்காரி வந்து படியை உலுக்கிப் பார்த்தாள், கைப்பிடியில் தொங்கிப் பார்த்தாள், எல்லாம் சரி என்றாள். தண்ணீரைப் பார்த்துத்தான் உதட்டைப் பிதுக்கினாள்.

"அவர் பாதத்தை எங்க வைக்கிறாரு, எப்படி வைக்கிறாருன்னு எனக்குத் தெரியணும். அடி தெரியாத தண்ணியில நான் யாரையும் இறக்க மாட்டேன். சனிக்கிழமை வரேன். அந்த இல்லத்துல ஒரு படுக்கை காலியா இருக்கு, அன்னிக்குள்ள பதில் சொல்லணும். தண்ணி தெளிஞ்சிருந்தா இங்கேயே தொடங்கிடலாம். இல்லைன்னா மனசைத் தேத்திக்குங்க அக்கா."

ஆக, ஒரு மனிதர் தன் வீட்டில் இருப்பதா போவதா என்பது தொட்டித் தண்ணீரின் கையில் வந்து நின்றது. அவள் நாய் படாத பாடு பட்டாள். வலை போட்டுச் சருகு அள்ளினாள். அடியைத் தேய்த்தாள். குளோரின் போட்டாள். சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்த்தாள். கடைக்காரர் கொடுத்த மருந்தை ஊற்றினாள். காலையில் வந்ததும் மோட்டாரை ஓடவிட்டு, மாலையில் வேலைக்குக் கிளம்பும்போது நிறுத்தினாள். இரவில் அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகும்போது மின்சாரத்தையும் தண்ணீரையும் ஒன்றாக விட்டுப் போக அவளுக்குத் துணிச்சல் இல்லை. பகல் முழுக்க ஓடுகிறதே, அது போதாதா?

வீட்டுக்குள் வந்தாள். கூடத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தார் அவர். காலைக் கடனெல்லாம் முடிக்கவைத்து, பல்லைத் தேய்க்க உதவி, தேநீர் போட்டுக் கொடுத்து, ரொட்டியை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். இத்தனையும் அவள் கண்ணை மூடிக்கொண்டே செய்வாள். பாதி நாள் அப்படித்தான் செய்தாள்.

"ஏங்க," என்றாள். "நீங்கதான் பெரிய பம்பு டாக்டராச்சே. இந்தத் தண்ணி ஏன் தெளியல, சொல்லுங்க பாப்போம்."

பம்பு டாக்டர் என்பது அவரோடு வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். மோட்டார் ரிப்பேரில் அவர் கைராசிக்காரர். தெருவில் நின்றே சத்தத்தைக் கேட்டு, "இதுக்கு பேரிங் போச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். அந்தப் பெருமையெல்லாம் இப்போது கட்டிலோடு சரி.

அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். "நேரமாகும்," என்றார்.

"எவ்வளவு நேரம்? சனிக்கிழமை வந்துடும்."

"நேரமாகும்னா ஆகும். நீ போய்ப் படு."

பழைய மனிதராக இருந்தால் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, அவளையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருப்பார். இப்போது இரண்டு வார்த்தை. அவருக்கு மனசு விட்டுப்போய்விட்டது என்று அவள் நினைத்தாள். இருக்கவேண்டும் என்கிற ஆசையே இல்லாத ஒருவருக்காகத் தான் மட்டும் தலைகீழாக நிற்கிறோமோ என்று நினைத்தாள். கோபம் வந்தது. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. போய்ப் படுத்துவிட்டாள்.

மோட்டார் வந்த முதல் நாள் அவளால் கண்ணை மூடவே முடியவில்லை. அந்த உறுமல் தலையணைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. புரண்டு படுத்தாள், காதில் பஞ்சை அடைத்தாள், எழுந்து உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"என்னால முடியல அக்கா. நிஜமாவே முடியல. நின்னுக்கிட்டே தூங்கறேன். நேத்து பெல்ட்டுல வந்த பெட்டி மேலேயே தலையை வெச்சிட்டேன். அவரை அங்கேயே அனுப்பிடலாம்னு தோணுது."

"அனுப்பேன்டி. அதுல என்ன தப்பு?"

"தப்பில்லதான்," என்றாள். சொல்லிவிட்டு இன்னும் அழுதாள்.

ஆனால் மறுநாளிலிருந்து தூக்கம் வந்தது. படுத்த கொஞ்ச நேரத்திலேயே அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். சத்தம் பழகிப்போய்விட்டது என்று எண்ணிக்கொண்டாள். அடுத்த முறை போனில் அக்காவிடம் பெருமையாகக்கூடச் சொன்னாள். "மனுஷங்க எதுக்கும் பழகிடுவாங்க அக்கா. இப்ப அந்த மோட்டார் எனக்குத் தாலாட்டு மாதிரி."

வியாழக்கிழமை காலையில் வேலையிலிருந்து வரும் வழியில், தொட்டிக்கு மருந்து வாங்கிய கடையில் நின்றாள். நீச்சல்தொட்டிச் சாமான் விற்கிற அந்தக் கடைக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் கொண்டுபோன புட்டித் தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தாளை நனைத்தார்.

"குளோரின் சரியா இருக்கும்மா. எல்லாமே சரியாத்தான் இருக்கு. அந்தத் தெளிய வைக்கிற மருந்து எவ்வளவு ஊத்தறீங்க?"

சொன்னாள். அவர் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"ஐயய்யோ. அது அதிகமானா அதுவே கலங்கலாக்கிடும்மா. நிறுத்துங்க முதல்ல. மருந்து அழுக்கைத் திரட்டித்தான் கொடுக்கும். பிடிக்கறது ஃபில்டர். ஃபில்டரைக் கழுவினா என்ன நிறத்துல அழுக்கு வருது?"

"அழுக்கே வரல. புதுசு மாதிரி வெள்ளையா இருக்கு."

கடைக்காரர் புட்டியைக் கீழே வைத்தார். "அப்ப மோட்டார் ஓடலைம்மா."

"ஓடுதுங்க. என் கையாலதான் போடறேன். ஜன்னலுக்குக் கீழேதான் கத்திக்கிட்டு இருக்கு."

"எவ்வளவு நேரம்?"

"பகல் பூரா."

"பகல் பூரா ஓடற மோட்டாருக்கு ஃபில்டர் வெள்ளையா இருக்காதும்மா," என்றார் அவர், இழவு வீட்டில் பேசுகிற குரலில்.

அவளுக்குச் சுருக்கென்றது. இரவெல்லாம் நின்று வந்தவளிடம் உன் மோட்டார் ஓடவில்லை என்றால் கோபம் வராதா? இந்த ஆளுக்குத் தொழில் தெரியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போல ப்ளக்கை மாட்டினாள், வழக்கம்போல அது உறுமியது. கடைக்காரரை மனசுக்குள் இன்னொரு முறை திட்டிவிட்டு, வேலைகளை முடித்துக்கொண்டு போய்ப் படுத்தாள்.

மதியம் போன் அடித்து எழுப்பியது. பயிற்சிக்காரி. சனிக்கிழமை கொஞ்சம் சீக்கிரமே வரலாமா என்று கேட்டாள். வாங்க என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவள், மறுபடி தலையணையில் சாய்ந்தாள். அப்போதுதான் உறைத்தது. பறவைச் சத்தம் கேட்டது. எதிர்த் தெருவில் யாரோ கதவைச் சாத்தியது கேட்டது. தச்சர் வீட்டில் இழைப்புளி ஓடியது கேட்டது.

மோட்டார் கேட்கவில்லை.

எழுந்து ஜன்னல் திரையை விலக்கினாள். ப்ளக் சுவரிலிருந்து கழன்று கீழே கிடந்தது. இல்லை, கிடக்கவில்லை. வயரை அழகாகச் சுற்றி, ஈரம் படாதபடி ஒரு செங்கல்மேல் வைத்திருந்தது. தானாக விழுகிற ப்ளக் இப்படிச் சுற்றிக்கொண்டு விழாது. இது ஒரு தொழில்காரன் கை.

அவள் இன்னும் யோசித்து முடிக்கவில்லை, சமையலறையின் பின்கதவுத் தாழ்ப்பாள் மெதுவாக விலகியது. போன் சத்தம் கேட்டு, இவள் எழுந்துவிடுவாள் என்று கிளம்பியிருக்க வேண்டும். அவள் கணவர் வெளியே வந்தார்.

வாக்கர் இல்லை. வாக்கர் தரையில் சத்தம் போடும் அல்லவா? வலது கையைச் சுவரில் ஊன்றி, உடம்பைச் சுவரோடு சாய்த்து, இடது காலை இழுத்து இழுத்து வைத்து நடந்தார். செருப்புகூட இல்லை. தொட்டியைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. ஒரு அடி வைத்தார், நின்றார். இன்னொரு அடி வைத்தார், நின்றார். அவர் முகம் வேர்த்து வழிவது ஜன்னலிலிருந்தே தெரிந்தது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. வாயைத் திறந்தவள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கூப்பிட்டால் திடுக்கிடுவார். திடுக்கிட்டால் விழுவார். விழுந்தால் அந்தச் செங்கல்மேல்தான் விழுவார். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் அவளும் மூச்சை இழுத்து நிறுத்தினாள். இத்தனை மாதம் அவர் பின்னாலேயே நடந்தவளுக்கு, அவர் தனியாக நடப்பதைப் பார்க்கிற முதல் தடவை இப்படியா வாய்க்க வேண்டும்!

ப்ளக் இருக்கும் இடம் வரை வந்து, நெற்றியைச் சுவரில் முட்டி வைத்து இளைப்பாறினார். பிறகு குனிந்து ப்ளக்கை எடுத்து மாட்டினார். மோட்டார் உறுமியது. திரும்புவதற்கு முன் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்த வழியே, அதே சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

அவர் சமையலறைக்குள் கால் வைத்தபோது அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"தண்ணி குடிக்க."

"தண்ணி குடிக்கத் தோட்டத்துக்கா போவாங்க? அந்தத் தொட்டித் தண்ணியையா குடிக்கறீங்க?"

அவர் நிலைப்படியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கால் நடுங்கியது. அவள் நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள். கோபம் ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம். அவர் உட்கார்ந்ததும் கோபம் ஜெயித்தது.

"எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"நீ முதல் நாள் தூங்கவே இல்ல," என்றார் அவர். நிதானமாக, வார்த்தை வார்த்தையாகத்தான் அவருக்குப் பேச வரும். "புரண்டு புரண்டு படுத்த. எனக்குக் கேட்டுக்கிட்டேதானே இருந்துச்சு. அதான், நீ தூங்கினதும் போய் நிறுத்திடுவேன். நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி போட்டுடுவேன்."

"வழுக்கி விழுந்திருந்தா? நான் செத்த பொணம் மாதிரி தூங்கிக்கிட்டு இருந்திருப்பேன். சாயங்காலம் எந்திரிச்சு வந்து உங்களை அள்ளியிருக்கணும்!"

"விழலையே."

"விழலையாம்! மோட்டார் ஓடலைன்னா தண்ணி எப்படிங்க தெளியும்? நான் பைத்தியக்காரி மாதிரி மருந்து மருந்தா ஊத்தறேன். கடைக்காரரு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்றாரு, நான் அவரோட சண்டைக்கு நிக்கறேன். ஊர்ல இருக்கற மோட்டாரெல்லாம் பாத்தவரு நீங்க. இது கூடவா உங்களுக்குத் தெரியாது?"

அவர் தரையைப் பார்த்தார். வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியும்," என்றார்.

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்ததும் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்காகிட்ட பேசினது கேட்டுச்சு," என்றார் அவர். "நீ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. எனக்கே தெரியும். உன் மூஞ்சியைத் தினமும் பாக்கறேனே. நான் அங்க போயிட்டா நீ தூங்குவ."

"அதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ விட மாட்ட. அழுவ. நான்தான் அனுப்பினேன்னு பின்னாடி நினைச்சு நினைச்சு அழுவ. தண்ணி தெளியலைன்னா..." மூச்சு வாங்கிக்கொண்டார். "பழி தண்ணி மேல போயிடும். உன் மேலயும் இல்ல, என் மேலயும் இல்ல."

இதைவிடக் கேடுகெட்ட யோசனையை ஒரு மனிதன் நினைத்துப் பார்க்க முடியுமா? ஆனால் அவளால் அதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. ஏனென்றால் அது பலித்திருக்கும். சனிக்கிழமை அவள் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு, தண்ணீரைத் திட்டி, மனசைத் தேற்றிக்கொண்டு அவர் துணிமணியை எடுத்து வைத்திருப்பாள். அவர் இல்லாத வீட்டில் கால் நீட்டிப் படுத்து, ஐயோ பாவம், நம்மால் முடிந்ததையெல்லாம் செய்தோமே என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

"ஆமா, தூங்குவேன்," என்றாள் உரக்க. "நான் ஏன் பொய் சொல்லணும்? நீங்க போனா நல்லாத் தூங்குவேன். ஒரு வாரம் எந்திரிக்காமத் தூங்குவேன். அப்புறம் முழிச்சா நான் யார்கிட்டங்க சண்டை போடுவேன்? இந்தச் சுவத்துக்கிட்டயா?"

அவர் முகத்தில் வாதம் வந்த பக்கம் அசையவில்லை. மறுபக்கம் சிரித்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. தேம்பித் தேம்பி அழுதாள். அவர் நல்ல கையை நீட்டினார், எட்டவில்லை. அவளே நகர்ந்து போய் அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள்.

"நான் உங்களுக்கு மனசு விட்டுப்போச்சுன்னு நினைச்சேன்," என்றாள். "கால் மேல இருக்கற அக்கறையே போச்சுன்னு. இங்க தினமும் இரண்டு தடவை ஊர்வலம் போயிட்டு வந்திருக்கீங்க."

"சுவர் நல்ல சுவர்," என்றார் அவர்.

அன்று மாலை கிடங்குக்குப் போன் செய்து, உடம்பு சரியில்லை, திங்கட்கிழமைதான் வருவேன் என்றாள். அது முழுப்பொய்யும் அல்ல. பம்பு டாக்டர் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு உத்தரவு போட ஆரம்பித்தார். மருந்துப் புட்டியைக் கண்ணில் படாத இடத்தில் வை. தொட்டியில் கால்வாசித் தண்ணீரை வெளியேற்று. புதுத் தண்ணீர் விடு. குழாய் இணைப்பில் காற்று இழுக்கிறது, அந்த மரையை இறுக்கு, இன்னும் இறுக்கு, போதும், உடைத்துவிடாதே. மோட்டார் இனி ராத்திரி பகல் நிற்கக்கூடாது, சத்தம் மாறினால் எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் ஏவிய வேலையைச் செய்துகொண்டே அவள் முணுமுணுத்தாள். மனுஷன் வாயைத் திறக்க மாட்டாரா என்று ஏங்கியது போய், எப்போது மூடுவார் என்று ஆகிவிட்டது.

படுக்கையைப் பின்னறையிலிருந்து கூடத்துக்கு இழுத்து வந்து, அவர் கட்டிலுக்குக் கீழேயே போட்டுக்கொண்டாள். அங்கே மோட்டார் சத்தம் அவ்வளவாகக் கேட்கவில்லை. அவர் குறட்டைதான் கேட்டது. மோட்டாரே தேவலை என்று தோன்றியது.

விடிந்ததும் ஃபில்டரைக் கழற்றினாள். வெள்ளையாக இருந்த மடிப்புகளில் பழுப்பும் பச்சையுமாகப் பிசுபிசுவென்று ஒரு சேறு. "ஏங்க! அழுக்கு! எவ்வளவு அழுக்கு பாருங்க!" என்று கூடம் வரை தூக்கிக்கொண்டு ஓடிவந்து காட்டினாள், தரையெல்லாம் சொட்டச் சொட்ட. அழுக்கைப் பார்த்து இப்படிப் பூரித்துப்போன பெண்பிள்ளை உலகத்தில் இருந்திருக்க மாட்டாள். கழுவி மாட்டினாள். மறுபடி அடைத்தது, மறுபடி கழுவினாள். வெள்ளிக்கிழமை முழுக்க இதே வேலை. இடையில் கடைக்காரருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, திட்டியது மனசுக்குள்தானே.

சனிக்கிழமை பயிற்சிக்காரி வந்து தொட்டி விளிம்பில் கையூன்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். அடியில் துணி மடிப்புகூடத் தெரிந்தது. மூலையில் கிடந்த ஒரு கொண்டை ஊசியும் தெரிந்தது.

"பரவாயில்லையே," என்றாள். "இது எப்படி அக்கா, இத்தனை நாள் இல்லாம?"

"அது பெரிய கதைம்மா. வேலையைப் பாரு."

இறக்கினார்கள். கைப்பிடியை அவர் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. பயிற்சிக்காரி முன்னால் இறங்கி நின்றாள். இவள் படியில் உட்கார்ந்து அவர் சட்டையைப் பின்னாலிருந்து பற்றிக்கொண்டிருந்தாள். "விடுங்க அக்கா," என்றாள் பயிற்சிக்காரி. விடவில்லை. "அக்கா, விடுங்க." விட்டாள். அவர் தண்ணீரில் நின்றார். இடது பாதம் கோணலாக விழுந்தது, பயிற்சிக்காரி குனிந்து பார்த்துத் திருத்தினாள். பிறகு நடந்தார். தொட்டிச் சுவரை ஒட்டி ஒரு சுற்று. அழகாக நடந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் நடந்தார்.

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியிலேயே இன்னொன்றும் கிடந்தது. இனி தினமும் இவரை இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும், துவட்ட வேண்டும், ஈரத்துணி மாற்ற வேண்டும், ஃபில்டர் கழுவ வேண்டும். திங்கட்கிழமை இரவு பெல்ட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். தோளும் முதுகும் இப்போதே வலித்தன. மாதக்கணக்கில் இது நீளும் என்று அவளுக்குத் தெரியும். கண் எரிந்தது.

பயிற்சிக்காரி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "அந்தப் படுக்கைக்கு இப்பப் பதில் சொல்லணும் அக்கா. என்ன சொல்லட்டும்?"

அவள் பழக்கத்தில் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"அவரைக் கேளு," என்றாள்.

பயிற்சிக்காரிக்கு அது புதிதாக இருந்தது போலும், கொஞ்சம் தயங்கித்தான் தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் போகல," என்றார். "எனக்கு இங்கதான் இருக்கணும்னு இருக்கு."

சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். தண்ணீர் அவர் இடுப்பைச் சுற்றி அலைந்துகொண்டிருந்தது.

"உன்னால முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். எத்தனை மாதமாக யார் கேட்டாலும் அவள் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்? ஆனால் அவர் நிஜமாகவே கேட்டார். பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"முடியலைங்க," என்றாள். "ஆனாலும் இருங்க."

அவர் தலையை ஆட்டினார். பிறகு விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று குனிந்து பார்த்தார்.